கோடுக்குள் எழுதும் வேர்ஷன் எண்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் அநேகமாக ஒரே முடிச்சைச் சுற்றி நிற்கின்றன. பலர் சேர்ந்து எழுதும் கோடில், கொமெண்டுக்குள் (கோடில் மனிதர் வாசிக்க எழுதும் குறிப்புக்குள்) போடும் வேர்ஷன் குறியை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது எப்படி? எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம். குறிகளையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கோடில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். படகுச் சவாரிக்கு ஆசனம் பதிவுசெய்யும் ஒரு பிஎச்பி லைப்ரரியைச் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவர் ‘@சின்ஸ் 2.4’ என்று போடுகிறார். இன்னொருவர் ‘@சின்ஸ் வி2.4.0’. மூன்றாமவர் ‘@வேர்ஷன் 2.4’. நான்காமவர் ‘மே 2024’ என்று மாதத்தை எழுதுகிறார். எதை வைத்துக்கொள்வது ஐயா?
— உவர்மலை வாசகர்

பதில்: வடிவத்துக்கு முன்னால், அந்த எண் யாருடைய எந்தக் கேள்விக்குப் பதில் என்று நாலு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் லைப்ரரியைப் பாவிக்கும் ஒருவரிடம் 2.3.6 இருக்கிறது. ஆவணப்பக்கத்தில் ஒரு பங்ஷனைப் பார்க்கிறார். ‘என்னிடம் இருக்கிற பிரதியில் இது இருக்குமா?’ இதுதான் அவருக்குத் தெரியவேண்டியது. ஆகவே @சின்ஸ் குறிக்குப் பின்னால் வரும் எண், அந்தப் பங்ஷன் முதன்முதலாக வெளியே போன ரிலீஸின் (வெளியிட்ட பதிப்பின்) எண். எழுதிய நாளும் அல்ல, அந்தப் பைலை எத்தனையாவது தடவை திருத்தினீர்கள் என்பதும் அல்ல.

இந்த வரையறையை ஏற்றுக்கொண்டால் நாலில் இரண்டு தானாகக் கழன்றுவிடும். ‘மே 2024’ என்றால் பாவனையாளர் எந்த ரிலீஸ் எந்த மாதம் வந்தது என்று தேடிப் போகவேண்டும். மே மாதம் எழுதியது ஜூலை ரிலீஸில் போயிருந்தால் தேடியும் பிழையான இடத்துக்கே போய்ச் சேருவார். உபுண்டு 24.04 போல ரிலீஸின் பெயரே ஆண்டும் மாதமுமாக இருந்தால் மட்டும் திகதி பொருந்தும். @வேர்ஷன் வேறு விஷயம். அது ‘இப்போது இது எந்த வேர்ஷன்’ என்று சொல்லும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் கையால் மாற்றாவிட்டால் பொய்யாகிவிடும். ஜாவாவில் கொமெண்டிலிருந்து ஆவணப்பக்கம் உண்டாக்கும் ஜாவாடொக் கருவி @சின்ஸைத் தானாகவே பக்கத்தில் காட்டும். @வேர்ஷனைக் காட்டவேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு ஒப்ஷன் கொடுக்கவேண்டும்.

இனி வடிவம். மூன்று எண், முன்னால் ‘வி’ இல்லை: 2.4.0. பிஎச்பியில் வேலைசெய்யும் உங்களுக்கு இதற்கு வலுவான காரணமே உண்டு. வேர்ஷன்_கொம்பேர் பங்ஷனிடம் 2.4, 2.4.0 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். அவை சமம் என்று அது சொல்லாது, 2.4 சிறியது என்று சொல்லும். குறிகளைத் திரட்டி ‘2.4.0இல் புதிதாக வந்தவை’ என்று பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதினால், 2.4 என்று எழுதியவரின் பங்ஷன்கள் எல்லாம் அதில் விடுபட்டுப் போகும். பிஎச்பியில் எழுதிய இணையத்தள மென்பொருளான வேர்ட்பிரஸின் கொமெண்ட் விதிகளும் மூன்று எண்ணைத்தான் கேட்கின்றன.

‘வி’யைப் பற்றி: வேர்ஷன் எண்ணை எப்படி எழுதுவதென்று சொல்லும் செமாண்டிக் வேர்ஷனிங் 2.0.0 விதியே ‘வி1.2.3’ ஒரு வேர்ஷன் எண் அல்ல என்று சொல்கிறது. ஆனால் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) டேக்கின், அதாவது ஒரு ரிலீஸுக்கு அதில் ஒட்டும் பெயர்ச்சீட்டின், பெயராக அதை வைப்பது பரவலான வழக்கம், அதில் குற்றம் இல்லை. டேக்கில் வி2.4.0, கொமெண்டில் 2.4.0 என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிவில் இப்படி இருக்கும்:

/**
 * ஒரு சவாரிக்குரிய கட்டணத்தைக் கணக்கிடும்.
 *
 * @சின்ஸ் 2.4.0
 */

வடிவத்தை இடையில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவாவே சாட்சி. அதன் ஸ்ட்ரிங் கிளாஸைத் திறந்து பாருங்கள்: கன்டெயின்ஸ் மெதட்டில் 1.5 என்று இருக்கும், இஸ்பிளாங்க் மெதட்டில் 11 என்று இருக்கும். ஒன்பதாவது ரிலீஸிலிருந்து முன்னால் இருந்த ‘1.’ஐ எடுத்துவிட்டார்கள். ஜாவா 8 வரைக்கும் அந்தக் கிளாஸின் தலையில் ‘ஜேடிகே1.0’ என்றே இருந்தது, பிறகுதான் 1.0 ஆனது. 1.8ம் 8ம் ஒன்றுதான் என்று தெரிந்தவருக்கு மட்டுமே அந்த வரிசை புரியும். உலகம் முழுவதும் பாவிக்கும் மொழி அதைத் தாங்கிக்கொள்ளும். நாலு பேரின் லைப்ரரி தாங்காது. முதலிலேயே ஒன்றில் நில்லுங்கள்.

எங்கெங்கே போடுவது என்பதும் ஒரு தீர்மானம். வெளியிலிருந்து அழைக்கக்கூடியவற்றுக்கு மட்டும் போடுங்கள். பிரைவேட் மெதட்டுக்கு அவசியமே இல்லை, அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. புதிய கிளாஸ் ஒன்று வந்தால் கிளாஸின் தலையில் ஒரு @சின்ஸ் போதும். கிளாஸ் வந்த பிறகு சேர்ந்த மெதட்டுக்கு மட்டும் தனிக்குறி. ஜாவாவின் ஆவணக் கொமெண்ட் வழிகாட்டி சொல்வதும் இதுதான். பார்க்கிறவரின் கண், குறி உள்ள மெதட்டில் மட்டும் நிற்கும்.

கேள்வி: பங்ஷனை எழுதி முடித்துவிட்டேன். அடுத்த ரிலீஸ் 2.4.1 ஆ, 2.5.0 ஆ என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. ஊகித்துப் போட்ட எண் இரண்டு தடவை பிழைத்துவிட்டது. என்ன செய்யலாம்?
— கிண்ணியா வாசகி

பதில்: சகோதரி, எழுதுகிறவர் எண் போடவே கூடாது. இந்தப் பக்கங்களில் ஒரேயொரு விஷயத்தை மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எண் தெரிவது ரிலீஸ் செய்கிறவருக்கு, அதுவும் ரிலீஸ் செய்யும் நேரத்தில்தான். அதுவரை அந்த இடத்தில் ஒரு மாற்றுச்சொல் இருக்கட்டும்.

பெரிய குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. ரஸ்ட் மொழியின் சொந்தக் கோடில் புதிதாக வரும் ஒன்றுக்கு எண்ணுக்குப் பதிலாக ‘கரண்ட்_ரஸ்ட்சி_வேர்ஷன்’ என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். நோட் ஜேஎஸ் ஆவணங்களில் ‘ரிப்ளேஸ்மீ’. பைதனின் ஆவணங்களில் ‘வேர்ஷன்அடெட்’ குறிக்குப் பின்னால் ‘நெக்ஸ்ட்’ என்று போட்டால் ரிலீஸின்போது எண்ணாக மாறிவிடும்.

உங்கள் குழுவுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அது கோடில் வேறெங்கும் வராத சொல்லாக இருக்கவேண்டும். வெறும் ‘நெக்ஸ்ட்’ வேண்டாம்: பைதனின் கருவி அந்தக் குறிக்குள் மட்டும் தேடுவதால் அவர்களுக்குச் சரிவரும், உங்கள் கோடில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். ‘நெக்ஸ்ட்_வேர்ஷன்’ என்று முழுவதும் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோட்டோடு எழுதுங்கள்.

ரிலீஸ் நாளில் வேலை இந்த வரிசையில் போகும். முதலில் எண்ணைத் தீர்மானியுங்கள், உதாரணமாக 2.5.0. ‘கிட் க்ரெப் -எல் நெக்ஸ்ட்_வேர்ஷன்’ என்றால் அந்தச் சொல் இருக்கும் பைல்களின் பெயர்கள் வரும். கிட் க்ரெப் கிட்டுக்குத் தெரிந்த பைல்களை மட்டும் பார்ப்பதால், வெண்டர் போல்டருக்குள் இருக்கும் பிறருடைய கோடில் கைவைக்காது. அந்தப் பட்டியலை ‘செட் -ஐ’ கட்டளைக்குக் கொடுத்துச் சொல்லை 2.5.0 ஆக மாற்றுங்கள். மக் கணினியில் ‘-ஐ’க்குப் பின்னால் வெறும் மேற்கோள் சோடி ஒன்றும் போடவேண்டும், போடாவிட்டால் அடுத்து வருவதைப் பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். பிறகு ‘கிட் டிஃப்’ பார்த்து, மாறியவை @சின்ஸ், @டெப்ரிகேட்டட் (இனிப் பாவிக்கவேண்டாம் என்ற குறி) வரிகள்தானா என்று கண்ணால் ஒருமுறை ஓட்டுங்கள். கொமிட் செய்யுங்கள், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியுங்கள். அதற்குப் பிறகுதான் ‘கிட் டேக் -ஏ வி2.5.0’. சாதாரண ‘கிட் புஷ்’ டேக்கை அனுப்பாது, டேக்கின் பெயரைச் சொல்லித் தனியாக அனுப்புங்கள்.

பிழை போகும் இடங்கள் மூன்று. டேக்கை முதலில் போட்டுவிட்டு மாற்றீட்டைப் பிறகு செய்தால், அந்த டேக்கிலிருந்து இறக்கும் எல்லோருக்கும் மாற்றுச்சொல்தான் போகும். அப்படி நடந்து, டேக்கும் வெளியே போய்விட்டதென்றால் அதை அழித்து அதே பெயரில் மறுபடி போடாதீர்கள். ஏற்கெனவே எடுத்தவர்களின் கணினியில் பழையது அப்படியே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு வேறு கோட் உலாவும். 2.5.1 என்று புதிய ரிலீஸ் ஒன்றை விடுங்கள்.

இரண்டாவது, காவல் சோதனை பிழையாகிவிடுவது. டேக் வந்ததும் தானாக ஓடும் சோதனையில் ‘மாற்றுச்சொல் இன்னும் இருந்தால் நிறுத்து’ என்று ஒரு வரி வைக்கவேண்டும். கிட் க்ரெப் சொல்லைக் கண்டால் 0 என்றும், காணாவிட்டால் 1 என்றும் திருப்பித் தரும். சோதனைக் கருவிக்கு 0 என்றால் வெற்றி. அப்படியே விட்டால் சுத்தமான ரிலீஸைத் தடுத்து, பிழையான ரிலீஸைப் போகவிடும். முன்னால் ஆச்சரியக்குறி போட்டுத் தலைகீழாக்குங்கள். காவல் வரி இருக்கும் பைலிலும், விதிகளை எழுதிய பைலிலும் அந்தச் சொல் இருக்கும் அல்லவா? அந்த இரண்டையும் மாற்றீட்டிலும் தேடலிலும் விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் ரிலீஸிலேயே காவல் வரியும் 2.5.0ஐத் தேடும் வரியாக மாறிவிடும்.

மூன்றாவதுதான் மோசமானது, மாதக்கணக்கில் கண்ணில் படாது. ரிலீஸுக்கென்று தனிக் கிளை (கோடின் தனிப்பிரிவு) பிரித்து அங்கே மாற்றீட்டைச் செய்கிறீர்கள். அந்தக் கொமிட்டைப் பிரதான கிளைக்குத் திரும்பக் கொண்டுவர மறந்துவிடுகிறீர்கள். பிரதான கிளையில் மாற்றுச்சொல் அப்படியே கிடக்கும். அடுத்த ரிலீஸில் அதே பங்ஷனுக்கு 2.6.0 என்று முத்திரை விழும். 2.5.0 வைத்திருக்கிறவர் ஆவணத்தைப் பார்த்து, தன்னிடம் அது இல்லை என்று நம்பி, அதே வேலைக்குத் தானே கோட் எழுதத் தொடங்குவார். டேக் போட்ட கையோடு பிரதான கிளையில் மேர்ஜ் செய்வதை (சேர்ப்பதை) ரிலீஸ் பட்டியலின் கடைசி வரியாக எழுதி வையுங்கள்.

பழைய கிளைக்கும் அந்தப் பங்ஷனைக் கொண்டுபோனால் இரண்டு எண்ணையும் எழுதலாம். நோட் ஜேஎஸில் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் என்ற கிளாஸ் 13.10.0இலும் வந்தது, பழைய 12ஆம் கிளையில் 12.17.0இலும் வந்தது, ஆவணத்தில் இரண்டும் இருக்கின்றன.

கேள்வி: 2.1.0இல் வந்த பங்ஷனுக்கு இப்போது புதிதாக ஒரு பராமீட்டர் சேர்த்திருக்கிறோம். பழைய @சின்ஸ் எண்ணை மாற்றுவதா?
— நிலாவெளி வாசகர்

பதில்: மாற்றவேண்டாம். பங்ஷன் பிறந்த எண் பிறந்த எண்தான். அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள். வேர்ட்பிரஸ் வழக்கத்தில் இரண்டாவது @சின்ஸ் வரிக்கு மட்டும் விளக்கம் வரும்:

 * @சின்ஸ் 2.1.0
 * @சின்ஸ் 2.5.0 சிறுவர் எண்ணிக்கைக்கான பராமீட்டர் சேர்ந்தது.

பைதன் ஆவணங்களில் இதற்கென்றே ‘வேர்ஷன்சேஞ்ட்’ என்று வேறு குறி உண்டு. எதைப் பாவித்தாலும் பழையது மேலே, புதியது கீழே.

எந்த மாற்றத்துக்கு வரி சேர்ப்பது? அழைக்கிறவர் தன் கோடில் ஏதாவது மாற்றவேண்டி வந்தாலோ, பழைய ரிலீஸில் ஓடாத ஒன்றை இப்போது எழுத முடிந்தாலோ சேருங்கள். புதிய பராமீட்டர், திரும்பி வரும் பெறுமதியின் வகை மாறியது, முன்பு வராத எக்செப்ஷன் வருவது ஆகியவை இதில் அடங்கும். உள்ளே வேகப்படுத்தியது, பிழை திருத்தியது எல்லாம் ரிலீஸ் குறிப்புக்குப் போகட்டும். பங்ஷனை வேறு பைலுக்கு மாற்றினால் எண் அதனோடேயே போகும். பெயரை மாற்றினால் புதிய பெயர் ஒரு புதுப் பங்ஷன்: அதற்குப் புதிய @சின்ஸ், பழைய பெயருக்கு @டெப்ரிகேட்டட்.

கேள்வி: ‘@டெப்ரிகேட்டட்’ என்று மட்டும் எழுதினால் போதாதா? அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது?
— மூதூர் வாசகர்

பதில்: வெறும் @டெப்ரிகேட்டட் என்பது ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையை மட்டும் நட்டுவிட்டு, எந்த வழியால் போவதென்று சொல்லாததைப் போன்றது. மூன்று விஷயம் வேண்டும்: எந்த ரிலீஸிலிருந்து, எந்த ரிலீஸில் எடுத்துவிடுவீர்கள், பதிலுக்கு எது.

இதில் எங்களுக்குப் பிடித்தது ட்ரூபல் என்ற இணையத்தள மென்பொருள் குழுவின் வாக்கியம். அவர்கள் சொற்களின் வரிசையையே நிர்ணயித்துவிட்டார்கள். ‘ட்ரூபல்:10.1.0இல் டெப்ரிகேட்டட், ட்ரூபல்:11.0.0இல் அகற்றப்படும், பதிலாக இன்னதைப் பாவியுங்கள்’ என்ற பொருளில் ஒரே அச்சு வாக்கியம், கீழே @சீ குறியோடு விளக்கப்பக்கத்தின் இணைப்பு. வரிசை மாறினால் அவர்களின் கோட் சோதனைக் கருவி பிடித்துவிடும். எண்ணுக்கு முன்னால் புரோஜெக்டின் பெயர் இருப்பதையும் கவனியுங்கள். உங்கள் லைப்ரரிக்குள் இன்னொரு லைப்ரரியும் இருந்தால் ‘2.5.0’ யாருடைய எண் என்ற சந்தேகமே வராது.

கொமெண்டில் இருப்பது வாசிக்கிறவருக்குத்தான் தெரியும், ஓடும் கோட் அதைப் பார்க்காது. ஜாவா 9 முதல் @டெப்ரிகேட்டட் அனோட்டேஷனிலேயே (கொமெண்டுக்கு வெளியே, கோடாகவே எழுதும் குறி) எந்த வேர்ஷன் முதல், அகற்றப்போகிறோமா என்ற இரண்டையும் கொடுக்கலாம், கொம்பைலர் எச்சரிக்கும். பிஎச்பி 8.4இலும் அதேபோல ஒரு அட்ரிபியூட் வந்திருக்கிறது, அதற்கும் எண்ணும் செய்தியும் கொடுக்கலாம். பங்ஷன், மெதட், கிளாஸ் கொன்ஸ்டன்ட் ஆகியவற்றுக்கு அது சரி. முழுக் கிளாஸுக்குப் போட அதில் இடமில்லை. பைதனில் டெப்ரிகேஷன்வார்னிங் என்ற எச்சரிக்கை பொதுவாக மறைந்தே இருக்கும். நேரடியாக ஓட்டிய ஸ்கிரிப்டிலிருந்து எழுந்தால்தான் தெரியும். ‘எச்சரித்தோமே’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டெஸ்டுகளை எச்சரிக்கை தெரியும் நிலையில் ஓட்டுங்கள்.

கொமெண்டிலும் அனோட்டேஷனிலும் ஒரே எண் இருக்கவேண்டும். முன்சொன்ன மாற்றுச்சொல்லை இரண்டு இடத்திலும் போட்டால் ஒரே கட்டளையில் இரண்டும் சரியாகும்.

கேள்வி: எங்கள் பாடநெறிப் புரோஜெக்டுக்கு ஒரு பழைய கோட் கிடைத்தது. ஒவ்வொரு பைலின் தலையிலும் டொலர் குறிகளுக்கு நடுவே ‘ஐடி’, ‘ரிவிஷன் 1.7’ என்று இருக்கிறது. கீழே யார் எப்போது என்ன மாற்றினார் என்று முப்பது வரி. இதே முறையில் நாங்களும் தொடரவா?
— பல்கலைக்கழக மாணவர், அலஸ்தோட்டம்

பதில்: தொடரவேண்டாம் தம்பி. அவை கிட்டுக்கு முந்திய கருவிகளான சிவிஎஸ், சப்வேர்ஷன் காலத்தவை. அந்தக் கருவிகள் டொலர் குறிகளுக்கு நடுவில் இருக்கும் சொல்லைப் பார்த்து, பைலின் எண்ணையும் திகதியையும் பெயரையும் தாமே நிரப்பிக் கொடுத்தன. சிவிஎஸில் அது தானாக நடந்தது, சப்வேர்ஷனில் பைலுக்குப் பைல் அனுமதி கொடுக்கவேண்டும். 1.7 என்பது அந்தப் பைல் மட்டும் நடந்த தூரம். முழு மென்பொருள் 3.2 ஆக இருக்கும்போதும் ஒரு பைல் 1.7 ஆக இருக்கலாம். இரண்டு கிளையை மேர்ஜ் செய்யும்போது இந்த வரிகள் வேறுபட்டு, கோடில் மோதல் இல்லாத இடத்திலும் மோதல் காட்டும்.

கிட் இதை நிரப்பாது. கிட்டின் அட்ரிபியூட் பைலில் ‘ஐடென்ட்’ என்று கேட்டால் ஐடி வரியை மட்டும் நிரப்பும்; அப்போதும் வருவது அந்தப் பைலின் உள்ளடக்கத்துக்குரிய 40 எழுத்து ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி). அது கொமிட்டின் ஹாஷும் அல்ல, வேர்ஷன் எண்ணும் அல்ல. ஆகவே நீங்கள் பார்க்கும் 1.7 யாரும் தொடாமல் உறைந்துபோன எண். நீக்கிவிடுங்கள்.

முப்பது வரி வரலாறு வேறு. பழைய களஞ்சியம் (மாற்றங்களின் வரலாறு முழுவதும் இருக்கும் இடம்) உங்களிடம் இல்லாவிட்டால் அந்த வரிகள்தான் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. அவற்றை ஒரு ‘வரலாறு’ பைலுக்கு நகர்த்தி வையுங்கள். எழுதியவர்களின் பெயர், கொப்பிரைட் வரிகளில் கைவைக்காதீர்கள். இனிமேல் நடப்பவற்றுக்கு ‘கிட் லொக்’ போதும்.

கேள்வி: ஏற்கெனவே எழுதிய பங்ஷன் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, ஒன்றுக்கும் @சின்ஸ் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
— தம்பலகாமம் வாசகர்

பதில்: கிட்டின் ஞாபகத்தைக் கேளுங்கள். ‘கிட் லொக் -எஸ்’, இதில் எஸ் பெரிய எழுத்து, அதோடு சேர்த்துப் ‘பங்ஷன் படகுக்கட்டணம்’ என்ற சொற்களைத் தேடக் கொடுத்து, ‘--ரிவேர்ஸ்’ சேர்த்தால் அந்தச் சொற்கள் முதலில் தோன்றிய கொமிட் மேலே வரும். அழைத்த இடங்களும் கலந்து வராதபடி, பெயரை மட்டும் தேடாமல் ‘பங்ஷன்’ என்ற சொல்லோடு சேர்த்துத் தேடவேண்டும். அடுத்து ‘கிட் டேக் --கன்டெயின்ஸ்’ என்று அந்தக் கொமிட்டைக் கொடுத்து, ‘--சோர்ட்=வேர்ஷன்:ரெஃப்நேம்’ சேருங்கள். முதல் வரியில் வருவதுதான் உங்கள் எண். அந்த சோர்ட் இல்லாவிட்டால் எழுத்து வரிசையில் வரும், 2.10.0 என்பது 2.9.0க்கு முன்னால் நிற்கும், பிழையான எண்ணை எடுத்துவிடுவீர்கள். சோர்ட் போட்டாலும் 2.9.0-ஆர்சி1 போன்ற முன்னோட்டங்கள் 2.9.0க்குப் பின்னால்தான் வரும். ‘வேர்ஷன்சோர்ட்.சபிக்ஸ்’ அமைப்பில் ‘-ஆர்சி’ என்று கொடுத்தால் அவை முன்னால் வரும். @சின்ஸில் முன்னோட்ட எண்ணை எழுதாமல் முழு ரிலீஸ் எண்ணையே எழுதுங்கள்.

இரண்டு பொறி உண்டு. சோதனைச் சேர்வரில் இறக்கிய பிரதி ஒரேயொரு கொமிட் ஆழம் மட்டும் உள்ளதாக இருக்கக்கூடும். அதில் தேடினால் எல்லாப் பங்ஷனும் நேற்றுப் பிறந்ததாகக் காட்டும். முழுப் பிரதியில் தேடுங்கள். அதேபோலக் களஞ்சியத்தின் முதல் கொமிட்டிலேயே பாதிக் கோட் இருந்தால் அதற்கு முந்திய கதை கிட்டுக்குத் தெரியாது. அவற்றுக்கெல்லாம் உங்கள் முதல் டேக்கின் எண்ணைப் போடுங்கள். அந்த எண்ணுக்கு முந்திய பிரதி யாரிடமும் இல்லாவிட்டால் பாவனையாளருக்கு அதுவே சரியான பதில்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் பாதியில் நின்றுவிடும். கடைசி இரண்டு பெரிய ரிலீஸில் வந்தவற்றை முதலில் குறியுங்கள். இன்னும் பழைய பிரதியோடு இருப்பவர்கள் தடுமாறுவது அவற்றில்தான்.

கேள்வி: விதியை எழுதிவிட்டோம். ஆனால் யாரும் பின்பற்றுவதில்லை. பழைய கோடைத் திருத்தினால் ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதியவர் யார் என்று காட்டும் ‘பிளேம்’ முழுவதும் திருத்தியவர் பெயராகிவிடுகிறது என்றும் எதிர்க்கிறார்கள்.
— உவர்மலை வாசகர்

பதில்: விதி அரைப் பக்கத்துக்குமேல் போகவேண்டாம். களஞ்சியத்தின் தலையிலேயே ‘கொன்ட்ரிபியூட்டிங்’ பைலில் இருக்கட்டும், ஒவ்வொரு விதிக்கும் ஒரு சரியான உதாரணத்தோடு. மற்றதை இயந்திரம் பார்க்கட்டும். கொமிட்டுக்கு முன் தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்டான ஹூக்கில், @சின்ஸுக்குப் பின்னால் வரும் முதல் சொல் மாற்றுச்சொல்லாகவோ, இந்த வடிவத்திலோ இருக்கிறதா என்று பார்த்தால் போதும்:

^[0-9]+\.[0-9]+\.[0-9]+$

புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் சோதியுங்கள். முழுப் பைலையும் சோதித்தால், எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த வந்தவர் மற்றவர் எழுதிய முப்பது பழைய குறிகளையும் திருத்தவேண்டி வரும். அன்றைக்கே ஹூக்கை நிறுத்திவிடுவார்.

பிளேம் பற்றிய கவலை நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. பழைய குறிகளின் வடிவத்தை ஒரே கொமிட்டில் மாற்றுங்கள். அந்தக் கொமிட்டில் வேறு ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். அதன் முழு ஹாஷை ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்ற பைலில் எழுதி, ‘பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்பைல்’ அமைப்பில் அந்தப் பைலைக் காட்டுங்கள். பிளேம் அந்தக் கொமிட்டைத் தாண்டி முந்தியவரின் பெயரைக் காட்டும். 2019 ஓகஸ்டில் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. அமைப்பு ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாகச் செய்யவேண்டியது, அதையும் அந்த அரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: கொமெண்டின் விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா? எங்கள் குழுவில் எல்லோரும் தமிழ்தான்.
— சாம்பல்தீவு வாசகி

பதில்: தாராளமாக எழுதுங்கள். குறியின் பெயர் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கவேண்டும், கருவிகள் அதைத்தான் தேடுகின்றன. எண்ணும் 2.5.0 என்ற வடிவிலேயே இருக்கட்டும். பைலை யூடிஎப்-8இல் சேமியுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய விளக்கங்களை ஒட்டாதீர்கள். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் பைலில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும் இடத்தில் மட்டும் அது தமிழாகத் தெரியும், கோட் எடிட்டரில் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.

யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு, தேடும்போதுதான் அது கடிக்கும். ‘கொ’வில் இருக்கும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, அரவு என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். க்ரெப் பைட்டுகளை ஒப்பிடுவதால், ஒரு கீபோர்டில் எழுதிய ‘கொடுப்பனவு’வை இன்னொரு கீபோர்டில் எழுதித் தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே கதைதான். பைலை என்எப்சி என்ற ஒருமைப்படுத்திய வடிவத்துக்கு மாற்றினால் இவை ஒன்றாகிவிடும். பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நோர்மலைஸ் பங்ஷன் அதைச் செய்யும். ‘ஔ’வுக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் மட்டும் என்எப்சியும் சேர்த்துவைக்காது. அதைக் கையால்தான் திருத்தவேண்டும்.